இமயம் தாண்டி வந்த வாத்தும் இரண்டு லிட்டர் ஆக்சிஜனும்

கடந்த ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஒரு நாள், நுரையீரல் நோய்ப் பிரிவில் வரிசை ஏறக்குறைய முடிந்துவிட்ட வேளையில், பெரியவர் ஒருவர் தம் மனைவியுடன் உள்ளே வந்து அமர்ந்தார். மதுரை–நாகர்கோவில் தடத்தில் இருபத்தெட்டு ஆண்டுகள் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். புகைப்பதை நிறுத்திப் பத்தாண்டுகள் கடந்தும், அது விட்டுச்சென்ற நாள்பட்ட மூச்சுக்குழல் அடைப்பு நோய் அவரை விடவில்லை. சீட்டில் இதனை நாங்கள் சி.ஓ.பி.டி. என்று எழுதுவோம். வீட்டில் நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் வீதம் ஆக்சிஜன் பெற்றுவருபவர். நான் அவர் விரலில் மாட்டிய ஆக்சிமீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சன்னலைப் பார்த்தவாறே கேட்டார்:

“கூந்தன்குளத்துக்கு இந்நேரம் அந்த வாத்து வந்திருக்குமா டாக்டர்?”

எந்த வாத்து என்று எனக்கு விளங்கவில்லை. அவருடைய மனைவிதான் குறுக்கிட்டார். “இவருக்கு வேற நெனப்பே இல்ல டாக்டர். பதினோரு மாசமா வாசப்படி தாண்டல. இதுல வாத்து பார்க்கப் போகணுமாம்.”

பதினோரு மாதம் என்ற அந்தச் சொல் என்னைத் தைத்தது. முந்தைய ஆண்டு அவர் மூச்சுத்திணறல் முற்றி உள்நோயாளியாக ஒன்பது நாள் இருந்து வீடு திரும்பியபோது, “இனிமேல் வெளியே அலையாதீர்கள், ஓய்வாக இருங்கள்” என்று சொல்லி அனுப்பியது நான்தான். மருத்துவர்கள் எளிதாகச் சொல்லிவிடும் சொற்களுள் ஓய்வு என்பதும் ஒன்று. அவர் அதனை அப்படியே கடைப்பிடித்தார். கட்டிலிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும் என்று அவருடைய தடம் சுருங்கிவிட்டது. அன்று அவருடைய தொடையைத் தொட்டுப் பார்த்தேன். ஆண்டுக்கணக்கில் கிளட்சை மிதித்த கால், குச்சியாக இளைத்திருந்தது. நுரையீரல் பரிசோதனை முடிவோ முந்தைய ஆண்டில் இருந்த அளவிலேயே இருந்தது. அவர் மேலும் நலிந்ததற்கு நோய் பாதிக் காரணம். மறுபாதி என் அறிவுரை. இக்கட்டுரையை அவ்விருவரின் இசைவோடும், இந்த ஒப்புதலோடும் எழுதுகிறேன்.

அவர் கேட்ட வாத்தின் கதை இது. பல ஆண்டுகளுக்கு முன்னர், நாங்குநேரிக்கு அருகே ஒரு மாலை அவருடைய பேருந்தின் டயர் பஞ்சராகி நின்றுவிட்டது. பயணிகள் இறங்கி மரத்தடியில் நின்றனர். அறுவடை முடிந்த வயலில் ஒரு கூட்டம் பெரிய வாத்துகள் தாள்களை மேய்ந்துகொண்டிருந்தன. சாம்பல் நிற உடல், வெண்மையான தலை, பின்தலையில் மை கொண்டு இழுத்தாற்போல் இரண்டு கருங்கோடுகள். நடத்துநர் வாய்விட்டு எண்ணத் தொடங்கினாராம். நாற்பதைத் தாண்டியபோது எல்லாம் ஒருசேர எழும்பிக் கூந்தன்குளத்தின் பக்கமாகப் பறந்தன. “அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்கு டாக்டர். நம்ம பழைய வண்டி ஹாரன் மாதிரி.”

அவர் வருணித்த இரு கோடுகளைக் கேட்டவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது. தமிழில் வரித்தலை வாத்து, பட்டைத்தலை வாத்து என்று வழங்கும் பறவை அது. ஆனால் நான் அதனைக் கண்டதில்லை. முதுநிலைப் படிப்பின்போது உடலியங்கியல் நூலில் படித்திருந்தேன், அவ்வளவே. குறைந்த ஆக்சிஜனில் உயிரினங்கள் எவ்வாறு வாழ்கின்றன என்ற பாடத்தில், திபெத்தையும் மங்கோலியாவையும் தாயகமாகக் கொண்டு இமயத்தைத் தாண்டிப் பறக்கும் அந்த வாத்து தவறாமல் இடம்பெறும். தேர்வுக்காக அதன் ஹீமோகுளோபினை மனப்பாடம் செய்த நான், அது ஒவ்வொரு பனிக்காலத்திலும் என் வீட்டிலிருந்து மூன்று மணி நேரத் தொலைவில் வந்து இறங்குகிறது என்பதை ஓர் ஓட்டுநர் சொல்லித்தான் அறிந்தேன்.

அன்று அவருக்கு மருந்தோடு ஒரு வாக்கும் கொடுத்தேன். எட்டு வாரம் நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சிக்கு வந்தால், தை மாதம் கூந்தன்குளம் போகலாம். அவருடைய மனைவி என்னை நம்பாத பார்வை பார்த்தார்.

அந்த வாத்து எவ்வாறு மூச்சு விடுகிறது என்பதை இவ்விடத்தில் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம் நோயாளிகளுக்கு அதில் பயன் உண்டு.

காற்றில் ஆக்சிஜனின் பங்கு எங்கும் நூற்றுக்கு 21தான். உயரம் கூடக்கூடக் காற்றின் அழுத்தம் குறைவதால், ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் குறைகிறது. ஏறத்தாழ 5,500 மீட்டர் உயரத்தில் அது கடல்மட்டத்தில் கிடைப்பதில் பாதிதான். எவரெஸ்ட் உச்சியில் மூன்றில் ஒரு பங்கு. அங்கே மனிதன் அமர்ந்திருப்பதே பெரும்பாடு. அத்தகைய மலைத்தொடரை, இரண்டு மூன்று கிலோ எடையுள்ள இப்பறவை சிறகடித்தே கடக்கிறது. கழுகைப் போல் காற்றில் மிதந்து செல்லும் உடலமைப்பும் அதற்கு இல்லை.

பறவைகளின் நுரையீரல் நம்முடையதைப் போன்றதன்று. நாம் காற்றை உள்ளே இழுத்து, வந்த வழியே வெளியே விடுகிறோம். ஆகவே நம் நுரையீரலில் பழைய காற்று சிறிதளவு எப்போதும் தங்கிப் புதிய காற்றோடு கலந்துகொண்டே இருக்கும். பறவைகளுக்கு நுரையீரலோடு காற்றுப்பைகள் உண்டு. உள்ளே சென்ற காற்று முதலில் பின்புறப் பைகளை அடைந்து, நுரையீரல் வழியாக ஒரே திசையில் ஓடி, முன்புறப் பைகள் வழியே வெளியேறுகிறது. ஒருவழிச் சாலை என்று வைத்துக்கொள்ளலாம். எதிர்வண்டி இல்லாத சாலை என்று இதனை நம் ஓட்டுநரிடம் சொன்னபோது, மதுரை மேலமாசி வீதியை அப்படி ஆக்க முடியுமா என்று கேட்டார்.

எல்லாப் பறவைகளுக்கும் பொதுவான இந்த அமைப்புக்கு மேல், வரித்தலை வாத்துக்குத் தனிச்சிறப்பு அதன் இரத்தத்தில் உள்ளது. ஹீமோகுளோபின் ஆராய்ச்சிக்காக 1962இல் நோபல் பரிசு பெற்றவர் மாக்ஸ் பெருட்ஸ். இவ்வாத்தின் ஹீமோகுளோபினில் ஆல்ஃபா சங்கிலியின் 119ஆம் இடத்தில் புரோலின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாக அலனின் இருப்பதே, அது ஆக்சிஜனை இறுகப் பற்றுவதற்கு முக்கியக் காரணம் என்று அவர் 1983இல் விளக்கினார். 1991இல் ஆய்வாளர்கள் மனித ஹீமோகுளோபினில் அதே மாற்றத்தை ஆய்வகத்தில் செய்து பார்த்தனர். அதுவும் ஆக்சிஜனை முன்னிலும் இறுகப் பற்றியது. பிற்கால ஆய்வுகள் வேறு சில சிறு மாற்றங்களுக்கும் இதில் பங்குண்டு என்று காட்டியுள்ளன. நூற்றுக்கணக்கான மணிகள் கோத்த சரத்தில் ஒன்றிரண்டு மணி மாறியதற்கு இத்தனை பலன்.

இதனை நாம் பயிற்சியால் பெற முடியாது. ஆனால் இவ்வாத்து செய்யும் வேறு மூன்று காரியங்கள் நமக்கும் ஓரளவு இயலும்.

முதலாவது, மூச்சின் ஆழம். ஆக்சிஜன் குறையும்போது வரித்தலை வாத்து மற்ற வாத்துகளைவிட ஆழமாக மூச்சு இழுக்கிறது என்று ஆய்வகச் சோதனைகள் காட்டின. ஏன் அது இலாபம்? ஒரு கணக்குப் போடுவோம். நாம் இயல்பாக ஒரு மூச்சில் இழுப்பது ஏறத்தாழ 500 மில்லிலிட்டர். அதில் 150 மில்லிலிட்டர் மூக்கு, தொண்டை, மூச்சுக்குழல் ஆகிய பாதையிலேயே நின்றுவிடும். இரத்தத்தோடு அதற்குத் தொடர்பில்லை. நிமிடத்துக்கு 20 முறை இவ்வாறு இழுத்தால், பயன்படும் காற்று 7 லிட்டர். பதற்றத்தில் 40 முறை, மூச்சுக்கு 250 மில்லிலிட்டர் வீதம் இழுத்தால், மொத்தம் இழுத்த காற்று அதே 10 லிட்டர்தான். ஆனால் பாதையில் தங்குவது போகப் பயன்படுவது 4 லிட்டர் மட்டுமே. உழைப்பு இருமடங்கு, வருமானம் ஏறக்குறைய பாதி. மூச்சு முட்டும்போது நீங்கள் எவ்வளவு வேகமாக இழுத்தாலும் போதவில்லை என்று தோன்றுவதற்கு இது ஒரு காரணம்.

அதனால்தான் பயிற்சிப் பிரிவில் உதடு குவித்து மூச்சு விடக் கற்றுத்தருகிறோம். மூக்கால் மெல்ல இழுத்து, சூடான பாலை ஊதி ஆற்றுவது போல் உதடுகளைக் குவித்து, இழுத்ததைப் போல் இருமடங்கு நேரம் எடுத்து வெளியே விட வேண்டும். சி.ஓ.பி.டி. உள்ளவர்களுக்கு மூச்சு வெளியேறும்போது சிறு குழல்கள் அமுங்கிக் காற்று உள்ளேயே சிக்கிக்கொள்ளும். உதட்டில் உண்டாகும் தடை அக்குழல்களைத் திறந்து வைக்க உதவும். நுரையீரல் இறுகிப்போகும் நார்த்திசு நோய் உள்ளவர்கள் மட்டும் ஆழ்ந்த மூச்சை வலிந்து முயல வேண்டாம். அவர்களுக்கான முறை வேறு, உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, தசை. இவ்வாத்தின் பறக்கும் தசைகளில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் மிகுதி. வந்து சேரும் சிறிதளவு ஆக்சிஜனையும் தசை வீணாக்காமல் எடுத்துக்கொள்கிறது. நடைப்பயிற்சி நம் கால் தசையில் செய்வதும் இத்தகைய வேலைதான். மறுவாழ்வுப் பயிற்சியால் சேதமடைந்த நுரையீரல் திருந்தாது. கால் திருந்தும். திருந்திய கால் அதே வேலைக்குக் குறைந்த மூச்சைக் கேட்கும். பதினோரு மாதம் படுத்திருந்த நம் ஓட்டுநர், ஆறு நிமிட நடைச் சோதனையில் முதல் நாள் 140 மீட்டர் நடந்து உட்கார்ந்துவிட்டார். எட்டாம் வாரம் 235 மீட்டர் நடந்தார். நுரையீரல் பரிசோதனைத் தாளில் எண்கள் மாறவே இல்லை.

மூன்றாவதுதான் என்னை மிகவும் கவர்ந்தது. எவரெஸ்ட் உச்சிக்கும் மேலே இவ்வாத்துகள் பறந்ததை மலையேறிகள் கண்டதாக ஒரு செய்தி நெடுங்காலமாக வழங்கிவந்தது. இந்தியாவிலும் மங்கோலியாவிலும் இவ்வாத்துகளைப் பிடித்து, முதுகில் செயற்கைக்கோள் கருவி கட்டிப் பின்தொடர்ந்த ஆய்வாளர்கள் கண்டது வேறு. பதிவான மிக உயர்ந்த அளவு 7,290 மீட்டர். அதுவும் அரிது, பெரும்பாலான நேரம் 5,500 மீட்டருக்குக் கீழேயே பறந்தன. முடிந்தவரை உச்சிகளைத் தவிர்த்துக் கணவாய்களின் வழியே சென்றன. பின்காற்றை நம்பிக் காத்திருக்கவில்லை. காற்று அடங்கிக் குளிர்ந்து அடர்த்தியாக இருக்கும் இரவிலும் விடியலிலும் புறப்பட்டன.

2015இல் வெளியான மற்றோர் ஆய்வில் இதயத் துடிப்பையும் பதிவு செய்தனர். ஒருமுறை உயரே ஏறியபின் அதே உயரத்தில் நேராகப் பறந்து செல்வதே சிக்கனம் என்றுதான் எவரும் நினைப்பர். வாத்துகள் அவ்வாறு செய்யவில்லை. நிலம் தாழ்ந்தால் தாமும் தாழ்ந்து, நிலம் உயர்ந்தால் தாமும் உயர்ந்து, தரையை ஒட்டியே சென்றன. உயரே மெல்லிய காற்றில் சிறகடிக்கும் செலவு, இறங்கி மீண்டும் ஏறும் செலவைவிட மிகுதி. பெற்ற உயரத்தை இழக்க அவை கூசுவதே இல்லை.

இதனைப் படித்த இரவில் நம் ஓட்டுநரின் மாடிப்படியை நினைத்துக்கொண்டேன். அவர் தம் வீட்டு மாடியை ஒரே மூச்சில் ஏறி, உச்சிப்படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு திணறுவார் என்று மனைவி சொல்லியிருந்தார். நடுவில் நிற்பது தோற்றுப்போவது என்று அவருக்கு ஓர் எண்ணம். அடுத்த வாரம் அவருக்கு வாத்தின் கதையைச் சொல்லி, நான்கு படிக்கு ஒருமுறை நிற்கச் சொன்னேன். “ஸ்டாப்பிங் போட்டுப் போகச் சொல்றீங்க” என்றார். அதேதான்.

டிசம்பர் மாத முதல் ஞாயிறன்று ஒரு முன்னோட்டம் பார்க்க விரும்பினோம். அவர்கள் வீடு வில்லாபுரம். அங்கிருந்து அவனியாபுரம் கடந்தால் சாமநத்தம் கண்மாய் தொலைவில்லை. மதுரையின் பறவை ஆர்வலர்கள் நெடுநாளாகக் கணக்கெடுத்துவரும் இடம் அது. பறவைகள் சரணாலயமாக அறிவிக்க வேண்டும் என்ற கோரிக்கையும் உண்டு. முந்தைய வாரம் நான் தனியே சென்று பார்த்து வந்தேன். கார் எதுவரை போகும், கரை ஏறும் சரிவு எவ்வளவு, நிழல் எங்கே என்பதைப் பார்க்கத்தான் போனேன். போன இடத்தில் பறவைகளையே பார்த்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் நின்றுவிட்டேன்.

முன்னோட்டத்துக்கு முதல் நாள் அவருடைய மனைவி தொலைபேசியில் அழைத்தார். அத்தனை நாள் வாத்துப் பேச்சையே வெறுத்தவரின் குரலில் ஒரு பரபரப்பு. பால்காரர் சொன்னாராம், தலையில் நாமம் போட்ட வாத்து ஒரு கூட்டம் சாமநத்தத்தில் இறங்கியிருக்கிறதாம். மதுரைக்கே வரித்தலை வாத்து வந்துவிட்டதா? எனக்கும் அன்றிரவு தூக்கம் குறைந்தது.

காலை ஏழு மணிக்குக் கரையில் மடக்கு நாற்காலியைப் போட்டு அமர்ந்தார். தோளில் தொங்கும் பையில் சிறிய ஆக்சிஜன் கருவி. தண்ணீரின் நடுவே நாமம் போட்ட கூட்டம் இருந்தது. கரிய உடல், வெள்ளை அலகு, நெற்றியில் வெள்ளைப் பட்டை. நாமக்கோழிகள். வாத்தே அல்ல. அவர் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. ஆக்சிமீட்டர் 86 காட்டியது. உதடு குவித்து நான்கைந்து மூச்சு விட்டபின் 91க்கு ஏறியது.

ஆயினும் அன்று ஏமாற்றம் இல்லை. அலகின் நுனியில் மஞ்சள் பொட்டு வைத்த புள்ளிமூக்கு வாத்துகள் இணையிணையாக மேய்ந்தன. அவை எங்கும் போகாமல் ஆண்டு முழுவதும் இங்கேயே வாழ்பவை. வடக்கே நெடுந்தொலைவிலிருந்து வரும் நீலச்சிறகிகள், கண்ணுக்கு மேல் வெள்ளை வில் வரைந்த ஆண்களோடு, ஓரமாக அடங்கிக் கிடந்தன. ஊசிவால் வாத்துகள் தலையை நீருக்குள் விட்டு வாலை வானுக்குக் காட்டின. சீழ்க்கைச் சிறகிகள் பெயருக்கேற்பச் சீழ்க்கையடித்துக்கொண்டு தலைக்கு மேல் சுற்றின. அவருடைய மனைவி கூழைக்கடாவை அன்றுதான் முதன்முதலாக அருகில் கண்டார். “இவ்வளவு பெரிசா இருந்துக்கிட்டு இது எப்படிப் பறக்குது?” என்று என்னிடம் கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை சொல்ல ஆரம்பித்துக் காலை உணவு நேரம் தவறிவிட்டது.

பறவை பார்க்க விரும்பும் நுரையீரல் நோயாளிகள் சிலவற்றை மனத்தில் கொள்ள வேண்டும். திறந்த வெளியில், தொலைவில் நின்று நீர்ப்பறவைகளைப் பார்ப்பதால் நுரையீரலுக்குத் தீங்கில்லை. தீங்கு வீட்டில்தான் காத்திருக்கிறது. மதுரையில் பந்தயப்புறா வளர்ப்போர் பலர். அடுக்குமாடிகளில் ஏ.சி. பெட்டிக்குப் பின்னால் புறாக்கள் குடியேறுவதும் உண்டு. புறாவின் இறகுத் தூளும் உலர்ந்த எச்சத்தின் தூசும் நாள்தோறும் மூச்சில் கலந்தால், சிலருக்கு நுரையீரலில் ஒவ்வாமை அழற்சி உண்டாகி, கவனிக்காமல் விட்டால் நிலையான தழும்பாக மாறும். விடாத வறட்டு இருமலோடு வருபவர்களிடம் புறா உண்டா என்று நான் கேட்பது வம்பளக்க அன்று. இன்னொன்று, இறந்துகிடக்கும் பறவையை எங்கும் கையால் தொடாதீர்கள். 2005இல் சீனாவின் சிங்ஹாய் ஏரியில் பறவைக் காய்ச்சலால் ஆயிரக்கணக்கான காட்டுப்பறவைகள் மடிந்தன. அவற்றில் மிகப் பெரும்பங்கு இந்த வரித்தலை வாத்துகளே.

ஆக்சிஜனோடு பயணம் செய்வோர் கணக்கை எழுதிவைத்துக்கொண்டு புறப்பட வேண்டும். நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் மணிக்கு 120 லிட்டர். 1,500 லிட்டர் நிரம்பிய சிலிண்டர் பன்னிரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும். ஆனால் மூன்றில் ஒரு பங்கை எப்போதும் கையிருப்பாக விட்டுவிட்டு, எட்டு மணி நேரம் என்றே கணக்கிடுங்கள். சிலிண்டர் உருளாதபடி கட்டப்பட்டிருக்க வேண்டும். வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டுச் செல்லக் கூடாது. அருகில் எவரும் புகைக்கக் கூடாது. மூச்சு முட்டுகிறதே என்று அளவை நீங்களாகக் கூட்டாதீர்கள். சி.ஓ.பி.டி. உள்ள சிலருக்கு மிகுதியான ஆக்சிஜன் கரியமில வாயுவை உடலில் தேக்கி மயக்கத்தில் கொண்டுபோய் விடும். பொதுவாக அவர்களுக்கு 88 முதல் 92 வரை போதும்.

மலைக்குப் போகலாமா என்று கேட்பவர்களுக்கும் ஒரு சொல். கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல் உள்ள ஊர். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், மதுரையில் கிடைப்பதைவிட ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் குறைவு. விமானத்தின் உள்ளேயும் ஏறக்குறைய அதே நிலை ஏற்படலாம். உங்கள் நுரையீரல் அதனைத் தாங்குமா என்பதைச் சோதித்துச் சொல்ல முடியும், கேட்காமல் போகாதீர்கள். கூந்தன்குளம் சமவெளி. ஆகவே நம் ஓட்டுநருக்குத் தொலைவு மட்டுமே கணக்கு, உயரம் அன்று.

சனவரி கடைசி வாரம் புறப்பட்டோம். அவர், அவருடைய மனைவி, கார் ஓட்டிய மகன், நான். பின்னிருக்கையின் கீழ் கட்டிய சிலிண்டர், மடியில் சிறிய கருவி. விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி என்று ஒவ்வோர் ஊரும் வருமுன்னரே அவர் பெயர் சொன்னார். மகன் ஓட்டியது அவருக்குப் பிடிக்கவில்லை. நெடுகிலும் வலக்கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது. திருநெல்வேலி கடந்து, மூலைக்கரைப்பட்டி வழியாகப் பிற்பகல் மூன்று மணிக்குக் கூந்தன்குளம் சேர்ந்தோம்.

கூந்தன்குளம் 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. ஆனால் அரசாணைக்கு நெடுங்காலம் முன்னரே அதனைக் காத்தது அவ்வூர். வீட்டுக் கொல்லை வேம்பிலும் புளியிலும் கருவேல மரத்திலும் நாரைகள் கூடு கட்டுகின்றன. கூட்டிலிருந்து தவறி விழும் குஞ்சுகளை எடுத்து மீன் ஊட்டி வளர்த்தவர்கள் அங்கே உண்டு. குளத்து வண்டலைப் பறவை எச்சத்தோடு அள்ளி வயலுக்கு இடுவார்கள். மணிமுத்தாற்றுத் தண்ணீர் வந்து குளம் நிறைந்தால் பறவையும் நிறையும். மழை பொய்த்துக் குளம் வற்றிய ஆண்டுகளில் இரண்டும் இல்லை.

காரிலிருந்து கரையோர மரநிழல் வரை நூற்றைம்பது மீட்டர் இருக்கும். மூன்று நிறுத்தம் போட்டு நடந்தார். இரண்டாவது நிறுத்தத்தில் 87. இரண்டு நிமிடத்தில் 91. கண்காணிப்புக் கோபுரத்தின் படிகளை நிமிர்ந்து பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையசைத்தேன். அவரும் வற்புறுத்தவில்லை.

தூரத்துத் திட்டில் அவை இருந்தன. இருநோக்கியைச் சரிசெய்து முதலில் அவரிடம் கொடுத்தேன். சற்று நேரம் அவர் பேசவில்லை. பின்னர், “கோடு ரெண்டு. மேல இருக்கிறது நீளம், கீழ இருக்கிறது குட்டை” என்றார். நானும் பார்த்தேன். கண்ணிலிருந்து கண்ணுக்குப் பின்தலையைச் சுற்றி ஒரு வரி. அதற்குக் கீழே பிடரியில் சற்றே சிறிய மற்றொரு வரி. மஞ்சள் அலகின் நுனி கறுப்பு. ஒற்றைக் காலில் நின்று, தலையைச் சிறகுக்குள் செருகித் தூங்கிக்கொண்டிருந்தன சில. உலகின் மிக உயர்ந்த மலைகளைக் கடந்து வந்ததற்கான அடையாளம் எதுவும் அவற்றிடம் இல்லை. சந்தைக்கு வந்து களைத்தவர்களைப் போல் இருந்தன.

பாண்டிய நாட்டுப் புலவர் பிசிராந்தையார், குமரித்துறையில் அயிரை மீன் மேய்ந்துவிட்டு வடமலை நோக்கிப் பறக்கும் அன்னச்சேவல் ஒன்றை அழைத்துப் பேசும் பாடல் புறநானூற்றில் உள்ளது. அந்த அன்னம் இவ்வாத்தாகவே இருக்கலாம் என்று கருதுவோர் உண்டு. இவ்வாத்து மீனைவிடப் புல்லையும் நெல்லையும் விரும்புவது என்பதால் எனக்கு முழு நிறைவில்லை. ஆனால் குமரிக்கும் வடமலைக்கும் இடையே பறப்பது எது என்று கேட்டால், என்னிடம் இதைவிடப் பொருத்தமான பறவையும் இல்லை. அக்கரையில் நின்றபோது அந்த ஐயத்தைத் தீர்க்கும் விருப்பமும் இல்லை.

ஐந்தரை மணிக்குமேல் வாத்துகளிடையே ஒரு சலசலப்பு. பகலெல்லாம் ஓய்ந்திருந்துவிட்டு, மாலையில் வயல்களுக்கு மேயப் புறப்படுவது அவற்றின் வழக்கம். ஒன்று கழுத்தை நீட்டிக் குரல் கொடுத்தது. இன்னொன்று மறுமொழி சொன்னது. பிறகு எல்லாம் ஒருசேர எழுந்தன. பெரிய உடலைத் தூக்கத் தண்ணீர்மேல் சிறகுகள் அடிக்கும் ஓசை எங்கள்வரை கேட்டது. எங்கள் தலைக்கு மேல் கோணலான வரிசையில் கடந்தபோது, அந்தக் குரல் உண்மையிலேயே பழைய பேருந்தின் ஹாரனைப் போலத்தான் இருந்தது.

அவருடைய மனைவி ஒரு சிறு நோட்டில் அவ்வப்போது ஆக்சிமீட்டர் அளவையும் சிலிண்டர் முள்ளையும் எழுதிவருபவர். பதினோரு மாதமும் விடாமல் எழுதிய நோட்டு அது. அன்று அதே பக்கத்தில், 90 என்ற எண்ணுக்குப் பக்கத்தில், வாத்து 37 என்று எழுதினார். கணவர் எட்டிப் பார்த்து, “முப்பத்தெட்டு” என்றார்.

“முப்பத்தேழுதான். நான் ரெண்டு தடவ எண்ணிட்டேன். எந்திரிங்க, முள் பாதிக்குக் கீழ வந்துருச்சு.”

காருக்குத் திரும்பும்போதும் மூன்று நிறுத்தம். கடைசி நிறுத்தத்தில் மகனிடம் சாவியைக் கேட்டார். மூவரும் ஒரே குரலில் மறுத்தோம்.